சுத்தமான மின்சாரத்துக்காகப் பேசப் போகும் சிறிய முதலாளிகளுக்கு

கொழும்பு கிராண்ட்பாஸில் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். தேயிலை ஏற்றுமதி செய்யும் கொம்பனிகள்தான் எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள். கூரையில் சோலார் போட்டது, அதில் பட்ட கடன், பிறகு மின்சாரக் கொள்கை பற்றி, மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஆணைக்குழு முன்னால் போய்ப் பேசியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். வணிகத் தலைவர்கள் பசுமை மின்சாரத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்று மேடைகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். முப்பது பேர்கூட வேலை செய்யாத ஓர் இடத்தின் முதலாளி அதைச் செய்யப் போனால் என்னென்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் சில இலட்சங்களும் நிறைய இரவுத் தூக்கமும் மிஞ்சியிருக்கும்.

தொடங்கியது 2021 இல். ஒரு தேயிலைக் கொம்பனியிலிருந்து நீளமான ஒரு படிவம் வந்தது. ஆயிரம் பெட்டி செய்ய எத்தனை யூனிட் மின்சாரம், அதில் எவ்வளவு புதுப்பிக்கத்தக்கது, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. அவர்களிடம் ஐரோப்பாவில் இருக்கும் வாங்குநர்கள் கேட்கிறார்கள், அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். ஸ்கோப் 3 என்று இதற்குப் பெயர். ஒரு நிறுவனம் தானே விடும் புகையோடு, தனக்குப் பொருள் தருகிறவர்கள் விடும் புகையையும் கணக்கில் காட்ட வேண்டும். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துப் பயமுறுத்தியே எனக்குப் பொருள் விற்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் எல்லைக் கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சீமெந்து, உரம், மின்சாரம், ஹைட்ரஜன் போன்றவற்றுக்குத்தான். அட்டைப்பெட்டியும் தேயிலையும் அதில் இல்லை. எங்களுக்கு வருகிற நெருக்கடி வாங்குநரின் விருப்பத்திலிருந்து வருவது, சட்டத்திலிருந்து இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் பதற்றப்படாமல் பேரம் பேசலாம்.

எனக்கும் சோலார் போடுவதில் உண்மையான ஆசை இருந்தது. நுரைச்சோலையில் 900 மெகாவொட் நிலக்கரி எரித்து வரும் மின்சாரத்தில் பெட்டி அடித்து, அதன் மேல் பச்சை இலைப் படம் அச்சடிப்பது எனக்கு நெடுநாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. 40 கிலோவொட் போடுவதாக முடிவெடுத்தோம். பழைய அஸ்பெஸ்டஸ் கூரை பனல்களின் பாரத்தைத் தாங்காது என்று சொன்னதால் கூரையை மாற்ற 11 இலட்சம் போனது. பனல், பனலில் வரும் மின்சாரத்தை நம் இயந்திரங்களுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 56 இலட்சம் பேசினோம். பெரும்பகுதி வங்கிக் கடன், வட்டி மாறும் வீதத்தில். அப்போது வீதம் ஒற்றை இலக்கத்தில் இருந்தது, வங்கியில் இருந்த தம்பி அதைத்தான் பெரிய அனுகூலமாகச் சொன்னார்.

அப்புறம் 2022 வந்தது. கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தை விவரிக்கத் தேவையில்லை. பனல்கள் கூரைக்கு ஏறிவிட்டன, இன்வேர்ட்டர் வரவில்லை, மார்ச் மாதம் ரூபா விழத் தொடங்கியது. டொலர் கூடிவிட்டது என்று சோலார் கொம்பனி மேலும் 9 இலட்சம் கேட்டது. ஒப்பந்தத்தில் விலை ரூபாவில் இருந்தாலும், நாணய மாற்றில் வித்தியாசம் வந்தால் விலை மாறலாம் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருந்தது. கட்டினோம். ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதற்குப் பிறகு என் கடன் வட்டி ஏறி ஏறி 25 சதவீதத்தையும் தாண்டிப் போனது. ஒவ்வொரு மாதமும் வங்கியின் குறுஞ்செய்தியைத் திறக்கவே கை நடுங்கும். அம்மாவின் நகையை அடகு வைத்து ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்த மாதமும் உண்டு. சோலாருக்குக் கடன் எடுப்பவர்கள் முதல் சில வருடங்களுக்காவது நிலையான வட்டி தரும்படி கேளுங்கள், கொஞ்சம் கூடவாக இருந்தாலும் பரவாயில்லை. விலை மாற்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதி வரை, அதிகபட்சம் எத்தனை சதவீதம் என்று எழுத வையுங்கள்.

இணைப்பு கிடைப்பது இன்னொரு துயரம். எங்கள் ஒழுங்கையின் டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே மாதக்கணக்காக இழுத்தார்கள். இருக்கிறது என்று ஒருவர், இல்லை என்று இன்னொருவர், கோப்பு வேறு கந்தோரில் என்று மூன்றாமவர். கூரையில் பனல் வெயிலில் சும்மா கிடக்க, கீழே நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டின் நடுப்பகுதியில் ஒருவழியாக மீற்றர் மாற்றினார்கள். மின்வெட்டு இன்னும் முடியாத காலம் அது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனது கொஞ்சம் குறைந்திருந்தாலும் தினமும் கரண்ட் போகும். நல்ல வெயில் நேரத்தில் வெட்டு வந்தது, இன்வேர்ட்டரும் சேர்ந்து நின்றுவிட்டது. ஊழியர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. பற்றரி இல்லாத சாதாரண சோலார் வெளிக் கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும். இல்லாவிட்டால் கம்பியில் ஏறித் திருத்தும் ஊழியரை நம் கூரையிலிருந்து போகும் மின்சாரமே கொன்றுவிடும். நியாயமான பாதுகாப்புத்தான், ஆனால் விற்கும்போது ஒருவரும் இதை வாய் திறந்து சொல்லவில்லை. ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. அதை வரிசையில் நின்று வாங்கி ஜெனரேட்டரில் ஊற்றி, சோலார் பனல்களுக்குக் கீழே புகை விட்டு வேலை செய்தோம். ஜெனரேட்டரோடு சோலாரும் சேர்ந்து இயங்கும்படி ஒரு கட்டுப்பாட்டுக் கருவி போட முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. விலைமனு கேட்கும்போதே "கரண்ட் போனால் என்ன நடக்கும்" என்ற கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பில் விஷயத்தில் இன்னொன்று. மாதம் 4,000 யூனிட்டுக்கு மேல் கூரையில் வந்தும் பில் நான் நினைத்த அளவு இறங்கவில்லை. கேவிஏ என்பது ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. 42 கேவிஏக்கு மேல் இணைப்பு உள்ள தொழிற்சாலைகளுக்கு யூனிட் கட்டணத்தோடு, மாதத்தில் நாம் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச கேவிஏக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. சோலார் பகல் யூனிட்டைக் குறைக்கும். மழை மூட்டமான ஒரு பின்னேரத்தில் எல்லா இயந்திரமும் ஓடினால் அந்த மாத அதிகபட்சம் பழைய அளவிலேயே நிற்கும். மாலை 6.30 இலிருந்து 10.30 வரை உள்ள உச்ச நேர வீதத்தையும் சோலார் தொடாது. மோட்டார்கள் கேட்கும், யூனிட்டில் சேராமல் கேவிஏயை மட்டும் கூட்டும் ரியாக்டிவ் பவரும் வழக்கம்போல வெளியிலிருந்துதான் வருகிறது. அதை உள்ளேயே கொடுக்கும் ஒரு கப்பாசிற்றர் பாங்க் போட்ட பிறகுதான் கேவிஏ கணக்கு ஒழுங்குக்கு வந்தது, சோலாரோடு ஒப்பிட்டால் அதற்கான செலவு மிகச் சிறியது. இதற்கிடையில் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியது. அந்த ஏற்றத்தில் சோலார் இல்லாமல் இருந்திருந்தால் நான் கதவைப் பூட்டியிருப்பேன், இதை மனதாரச் சொல்கிறேன். இவ்வளவு பட்ட பிறகும் சோலார் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எங்கள் கூரையிலிருந்து வெளிக் கம்பிக்கு மேலதிகமாக அனுப்பிய யூனிட்டுக்கான காசு மாதக்கணக்காக நிலுவையில் கிடந்தபோதும் சொன்னதில்லை.

இதையெல்லாம் எங்காவது போய்ச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்த நிலுவைக் காலத்தில் வந்ததுதான். கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் வணிகர் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். இலங்கை வர்த்தக சம்மேளனம் 2024 மே மாதம் காலநிலை மாநாடு நடத்திய காலத்தில் இந்தப் பேச்சு எங்கும் இருந்தது. பெரிய ஆடைக் கொம்பனிகள் இதில் உண்மையாகவே முன்னே போனவை. பிராண்டிக்ஸின் சீதுவைத் தொழிற்சாலையும் எம்ஏஎஸ்ஸின் துல்ஹிரியத் தொழிற்சாலையும் 2008 இலேயே பசுமைக் கட்டடங்களாக உலகளவில் பேசப்பட்டன. அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அமைச்சரை நேரே சந்திக்க முடிகிறது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் நமக்கும் நன்மைதான். ஆனால் டிரான்ஸ்போமர் கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைவதைப் பற்றி ஒரு பெரிய கொம்பனியின் தலைவர் பேசமாட்டார், அவருக்கு அந்த அலைச்சல் இல்லை. நாங்கள் சில சிறு முதலாளிகள் ஒரு சங்கத்தின் மூலம் ஒரு கடிதம் அனுப்பினோம். நிலையான கொள்கை வேண்டும், முதலீட்டாளரின் நம்பிக்கையைக் காக்க வேண்டும் என்று அழகான வசனங்கள். கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது, அதோடு சரி.

கையெழுத்து வாங்குவதே பெரும்பாடு. எங்கள் பக்கத்தில் இருக்கும் தமிழ் வியாபாரிகளில் பாதிப் பேர் "அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி, என்ர பேர் மட்டும் வேண்டாம்" என்றார்கள். அனுமதி தரும் அதே கந்தோரைப் பற்றி முறைப்பாடு எழுதினால் அடுத்த அனுமதி என்னாகும் என்ற பயம். அதைவிட ஆழமான பயமும் உண்டு. அப்பாவின் முதல் அச்சகம் 83 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது, இப்போது இருப்பது அதற்குப் பிறகு அவர் ஒன்றுமில்லாமல் தொடங்கியது. அம்மா இன்றைக்கும் "முன்னுக்குப் போய் நிற்காதே பிள்ளை" என்றுதான் சொல்லுவா. அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் செய்தது, பெயரும் கணக்கு இலக்கமும் மறைத்த பில் பிரதிகளை அவர்களிடம் வாங்கி, தொழில் வகையை மட்டும் எழுதி என் பெயரில் சேர்த்தது. பேக்கரி ஒன்று, ஐஸ் தொழிற்சாலை ஒன்று, தையல் இடம் ஒன்று என்று. பெயரை மறைத்தால் பில் கொடுக்க அநேகமானவர்கள் தயங்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். மின்கட்டணத்தை மாற்றும் முன்னர் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் அனுப்பலாம், மாகாணங்களில் நடக்கும் அமர்வுகளுக்கு நேரே போயும் பேசலாம். தமிழிலேயே எழுதலாம், பேசலாம், அது நமக்குச் சட்டப்படி உள்ள உரிமை. எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2024 கடைசியில் கட்டணத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கலாம் என்று மின்சார சபை முன்மொழிந்தது. கருத்துக் கேட்டு முடிந்த பிறகு, 2025 ஜனவரியில் ஆணைக்குழு சராசரியாக 20 சதவீதமும் தொழிற்சாலைகளுக்கு 30 சதவீதமும் குறைத்தது. ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏறியது, ஒக்டோபரில் சபை கேட்ட இன்னொரு ஏற்றத்தை ஆணைக்குழு மறுத்தது. நாங்கள் பேசியதால்தான் குறைந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த இடத்தில் முடிவு மாறுகிறது, மாற்றுகிறவர்கள் கணக்கைப் பார்க்கிறார்கள் என்பதை அந்த ஜனவரியில் கண்டுகொண்டேன்.

அமர்வில் எனக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். பேச எழுந்தபோது தொண்டை வரண்டுபோய், முதல் வசனத்தையே இரண்டு தரம் சொன்னேன். ஆகவே எழுத்தில் கொடுப்பதை நம்புங்கள். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். பன்னிரண்டு மாதப் பில்லில் யூனிட், அதிகபட்ச கேவிஏ, உச்ச நேரப் பங்கு மூன்றையும் ஒரு அட்டவணையாக வையுங்கள். உலகம் சூடாகிறது என்று தொடங்க வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்கு அது தெரியும். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். நான் கேட்டது, கூரை சோலார் விண்ணப்பம் கொடுத்தால் அந்த டிரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், இல்லை என்றால் காரணத்தையும் எழுதித் தர வேண்டும் என்பது. அதற்குப் பிறகு இரண்டாம் தொகுதிப் பனலுக்கு விண்ணப்பித்தபோது எனக்கு அந்த எழுத்து கிடைத்தது, இடம் இல்லை என்ற பதிலோடு. கவலையாகத்தான் இருந்தது. என்றாலும் இந்த முறை ஒரு ரூபா முற்பணம்கூட நான் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. முதல் முறை இந்தக் கடிதம் இருந்திருந்தால் சும்மா கட்டிய வட்டி அப்படியே மிஞ்சியிருக்கும்.

பேசி முடித்ததும் எழுந்து போய்விடாதீர்கள், மற்றவர்கள் பேசுவதை இருந்து கேளுங்கள். எனக்குப் பின்னால் பேசிய ஒரு வயதான அம்மா, தன் வீட்டில் இரண்டு பல்ப்பும் ஒரு ஃபேனும்தான், அதற்கும் கட்ட முடியவில்லை என்றா. தொழிற்சாலைக்குக் குறையுங்கள் என்று நான் கேட்கும்போது, அந்தக் குறைவை யார் சுமப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்க வேண்டும். வணிகத் தலைவர்கள் காலநிலைக் கொள்கை கேட்கும்போது இந்த இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்குக் கோபம் தருகிறது. சலுகை எதுவும் கேட்காமல் கால வரையறை, வெளிப்படையான தகவல், பற்றரியில் சேமித்துத் தரும் மின்சாரத்துக்கு நியாயமான விலை என்று கேட்டால் அந்த அம்மாவின் பில்லில் கை வைக்காமலேயே கேட்கலாம்.

இன்னொரு தரப்பையும் படித்துவிட்டுப் போங்கள், அதாவது பொறியியலாளர்களின் தரப்பை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்தது என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. குரங்கோடு கதை முடியவில்லை. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரை சோலார் அதிகம், கட்டமைப்பை நிலையாகப் பிடித்து வைக்கும் பெரிய சுழலிகள் குறைவாக ஓடும்போது ஒரு சின்னக் கோளாறையும் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. நுரைச்சோலை இயந்திரங்கள் நின்று, அவற்றை மறுபடி இயக்கும் வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரை சோலார் வைத்திருப்பவர்களைப் பகல் 3 மணிவரை தாமாகவே நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. எங்கள் ஆட்கள் பலர் கொதித்தார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதை விளங்காமல் "இன்னும் சோலார், இன்னும் சோலார்" என்று மட்டும் பேசினால் எதிரே இருக்கும் பொறியியலாளர் ஒரு வசனத்தில் நம்மை மடக்கிவிடுவார். 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் சொந்த இலக்கு. பகல் சூரியனை இரவு 7 மணிக்குக் கொண்டுபோகாமல் அந்த இடத்துக்குப் போக முடியாது. ஆகவே பற்றரி வேண்டும், மஹ ஓயாவில் திட்டமிட்டிருக்கும் 600 மெகாவொட் நீரேற்று நிலையம் (பகல் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது) போன்றவை வேண்டும். நம் கோரிக்கையை அந்தப் பக்கம் திருப்பினால் பொறியியலாளர்களே நம்மோடு நிற்பார்கள்.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று, வாங்குநரையும் இழுத்து வருவது. என்னிடம் கார்பன் கணக்குக் கேட்ட தேயிலைக் கொம்பனி அதிகாரியிடம், "சேர், நீங்கள் கேட்கும் இலக்கத்தை நான் தர வேண்டுமென்றால் இந்த அனுமதி எனக்குக் கிடைக்க வேண்டும், என் கடிதத்தோடு உங்கள் கொம்பனிக் கடிதம் ஒன்றும் வையுங்கள்" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார், மேலிடத்தில் கேட்டார், தந்தார். இவ்வளவு பெட்டி வாங்குகிறோம், இந்த வருடத்துக்குள் இந்த அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் தேவை என்று அரைப் பக்கம். நான் எழுதிய பக்கங்களைவிட அந்த அரைப் பக்கத்தைத்தான் கந்தோரில் வாசித்தார்கள். வெளிநாட்டிலும் இதுதான் நடந்திருக்கிறது. வியட்நாமில் தொழிற்சாலைகள் சூரிய, காற்று மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரே வாங்க அனுமதிக்கும் ஆணை 2024 ஜூலையில் வந்தது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அங்கே பொருள் வாங்கும் பெரிய ஆடை, மின்னணு நிறுவனங்கள் அதைக் கேட்டுக் கடிதம் எழுதி வந்தன. உங்களிடம் படிவம் நிரப்பச் சொல்லும் வாங்குநரிடம் ஒரு கடிதம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இப்போது அடுத்த கட்டண மீளாய்வுக்கு, சிறு தொழிற்சாலைகளில் பற்றரி வைத்தால் உச்ச நேரப் பாவனை எவ்வளவு இறங்கும் என்ற கணக்கைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கொட்டாஞ்சேனை, புளூமெண்டால், மட்டக்குளிப் பக்கம் 42 கேவிஏக்கு மேல் இணைப்பு வைத்திருப்பவர்கள் தங்கள் கடைசிப் பன்னிரண்டு பில்களில் மாலை 6.30 முதல் 10.30 வரையான யூனிட்டை மட்டும் குறித்து எடுத்து வையுங்கள். சோலார் இருந்தால் மீற்றர் மாற்றிய தேதி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதி, நீங்கள் அனுப்பும் யூனிட்டுக்கு அதில் தரும் வீதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். யார் எந்த வீதத்தில் இருக்கிறார் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தேதிகள்தான், கருத்து கேட்கும் அறிவிப்பு வந்த பிறகு தேடத் தொடங்கினால் காலம் போதாது.